உங்களுக்குத் தெரியுமா? திருச்சியைச் சுற்றி நின்று பார்க்க 8 இடங்கள்

வையம்பட்டியிலிருந்து திருச்சிக்குப் போனால் உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டு, ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவித்து, கடைவீதியில் துணிமணி வாங்கித் திரும்புவது நம் வழக்கம். அதே வழியில் கல்லும் எழுத்துமாக எத்தனையோ சேதிகள் காத்திருக்கின்றன.

● பார்வதியின் கவலை: மலைக்கோட்டைப் படியேறும் வழியில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் குடைந்த குடைவரை இருக்கிறது. மேற்குச் சுவரில் கங்காதரர். பூதகணத்தின் மேல் ஒரு காலை ஊன்றி, சடைக்கற்றையை விரித்துப் பிடித்திருக்கிறார். கங்கை சிறு பெண்ணுருவாக அதில் இறங்குகிறாள். பக்கத்துத் தூண்களில் கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுள்கள். ஆறுகள் மேல் ஆசை கொண்ட சிவன் காவிரியிடமும் மயங்கிவிடுவாரோ என்று அஞ்சிய பார்வதி, பிறந்தகத்தை விட்டு இந்த மலைக்கே குடிவந்தாளாம். காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்!

● மங்கம்மாள் கட்டாத மகால்: ராணி மங்கம்மாள் மகால் என்று நாம் சொல்லும் தர்பார் மண்டபத்தைக் கட்டியவர் அவருடைய கணவர் சொக்கநாத நாயக்கர், காலம் 17-ஆம் நூற்றாண்டு. இப்போது அதில் அரசு அருங்காட்சியகம் இயங்குகிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள்.

● உறையூரில் ரோமானிய மட்கலம்: சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை நடத்திய அகழாய்வில், ரோமானிய வணிகத்தைக் காட்டும் மட்கலத் துண்டுகளும், செங்கல் வைத்துக் கட்டிய சாயத்தொட்டியும் கிடைத்தன. ‘பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழி நூல் மெல்லிய துணிக்குப் பெயர்பெற்ற ‘அர்காரு’ என்ற ஊரைக் குறிப்பிடுகிறது. அது உறையூர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இன்றைக்கும் உறையூர் நெசவூர்தானே!

● மொட்டைக்கோபுரம் எழுந்த கதை: ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு நின்று, ‘மொட்டைக்கோபுரம்’ என்றே பேர் வாங்கியிருந்தது. அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் முன்னின்று திருப்பணி செய்ய, 13 நிலைகளோடு 236 அடி உயர்ந்து 1987 மார்ச் 25-ல் குடமுழுக்குக் கண்டது. இந்தக் கோயிலின் கல்வெட்டுகள் மட்டுமே தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24-ஆம் தொகுதியை நிரப்பியிருக்கின்றன. கோயில் அருங்காட்சியகத்தில் நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்களைக் காணத் தவறாதீர்கள்.

● பொற்காசுப் புதையல்: திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் 2020 பிப்ரவரியில் மண்ணைத் தோண்டியபோது ஒரு பாத்திரம் அகப்பட்டது. உள்ளே 505 பொற்காசுகள், எடை 1.716 கிலோ!

● ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத கிணறு: துறையூர் சாலையில் திருவெள்ளறைப் பெருமாள் கோயிலருகே சுவஸ்திக வடிவில் மாற்பிடுகு பெருங்கிணறு இருக்கிறது. நான்கு பக்கமும் படிகள். ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறையில் இருப்பவர் கண்ணில் படமாட்டார். பல்லவ மன்னன் தந்திவர்மனின் 4-ஆம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ஆம் ஆண்டில் வெட்டி முடித்தவர் கம்பன் அரையன். முதுமை வந்து தளர்த்தும் முன்னே, உண்டது போக மிஞ்சியதை உலகறியக் கொடுத்துவிடுங்கள் என்று அங்குள்ள கல்வெட்டுப் பாட்டு சொல்கிறது. சொன்னபடியே கொடுத்த தண்ணீர் அது.

● பொன்மலையின் நீராவி: நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை 1920-களில் பொன்மலைக்கு இடம் மாறியது. நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி இன்ஜின்களை இந்த நூற்றாண்டிலும் புதிதாகச் செய்துகொடுத்த தொழிலாளர்கள் நம் பொன்மலைக்காரர்கள்! இந்த ரயில் பாரம்பரியத்தைக் காண, திருச்சியில் 2014-ல் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாம்.

● நம் பக்கத்திலேயே படுகளம்: பொன்னர் சங்கர் கதையின் களம் மணப்பாறை வட்டத்து வீரப்பூர். மாசித் திருவிழாவில் வேடபரி காணக் கூட்டம் அலைமோதும். இந்த அண்ணன்மார் கதையைக் கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களில் கொங்கு நாட்டுக் கிராமத்தில் தங்கி, ஒலிநாடாவில் பதிவு செய்து நூலாக்கினார்.

● பாகுவில் பிள்ளையார் வணக்கம்: எட்டு இடங்களும் பார்த்தாயிற்று; கல்லெழுத்தைக் காப்பது பற்றித் தொலைதூரத்திலிருந்து ஒரு சேதி. அஜர்பைஜான் தலைநகர் பாகுவை அடுத்த சுராகானியில் ‘ஆதேஷ்கா’ என்ற நெருப்புக் கோயில் இருக்கிறது. நிலத்திலிருந்து கசிந்த எரிவாயுவில் இயற்கையாகவே தீ எரிந்த இடம். அங்கே போன இந்திய வணிகர்கள் பொறித்த தேவநாகரி, குர்முகி கல்வெட்டுகளில் கணபதிக்கும் சிவனுக்கும் வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். எரிவாயுவை எடுக்க எடுக்க 1969-ல் அந்தத் தீ அணைந்தது. பிறகு குழாய் வழியே வாயு கொண்டுவந்து தீயை ஏற்றி, 1975-ல் அருங்காட்சியகமாக்கினார்கள். வேற்று நாட்டு வணிகர் எழுதிய எழுத்தை அவர்கள் அவ்வளவு கருத்தாகக் காக்கிறார்கள். நம் முன்னோர் நம் ஊரில் வெட்டிய எழுத்தின் மேல் சுண்ணாம்பு பூசாமல், பெயர் கிறுக்காமல் காப்பது நம் கடமை. அடுத்த முறை திருச்சிக்குப் போகும்போது பிள்ளைகளை ஒரு கல்வெட்டின் முன் நிறுத்தி, அது சொல்லும் சேதியைக் கதையாகச் சொல்லிக்கொடுங்கள்.