எதற்காக இந்தக் கடை?

"கடை திறந்து மூன்று வருடம், இன்னும் வளரவில்லையே" என்று வருந்தும் இளம் வியாபாரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "எதற்காக இந்தக் கடை?" "லாபத்துக்காக" என்பார்கள். லாபம் அவசியம்தான். ஆனால் அதை மட்டும் பார்த்து எவரும் நம்மை நம்புவதில்லை.

நம் ஊரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். யுத்தகால உணவு உற்பத்தியைப் பெருக்க 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். வந்த இடத்தில் ஏழைப் பிள்ளைகளின் கல்விக் குறையையும் கண்டார். கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானது. 1945இல் அம்முயற்சி இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியமாக விரிந்தது. 1948இல் அரச பதவியையே துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். நோக்கத்துக்காக இழக்கத் துணிந்தவரை மக்கள் நம்பினார்கள். 1973இல் அவர் மறைந்த பின்னும் நிதியம் தொடர்ந்தது.

இதற்கு மாறான பாடத்தை நானே கற்றேன். 2004 சுனாமிக்குப் பின் நான் அங்கம் வகித்த ஒரு சங்கம், வீடு கட்டவென்று சேர்த்த பணத்தில் முதலில் அலுவலகத்துக்குத் தளபாடம் வாங்கியது. நானும் கைதூக்கினேன். யாரும் களவெடுக்கவில்லை. ஆனாலும் அடுத்த முறை ஊர் கைவிரித்தது.

எனவே, உங்கள் கடையின் நோக்கத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அதற்காக எந்த லாபத்தை விடுவீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். வாடிக்கையாளர் நம்புவது அந்த இரண்டாவது வரியைத்தான்.