தீர்த்தமலைக் காந்தப் பாறையும் லேசர் அளவீடும்

அரூர் வட்டம் தீர்த்தமலைப் பகுதியில் கிடைக்கும் மேக்னடைட் கலந்த குவார்ட்சைட் பாறை காந்த ஊசியைத் திருப்பும். மேக்னடைட்டின் இரும்பு அயனிகளில் உள்ள எலக்ட்ரான்களின் ‘ஸ்பின்’ என்னும் பண்பே அதற்குக் காரணம். பாறையில் காந்தம் யுகக்கணக்கில் தங்கக்கூடியது என்பதால் ஸ்பின்கள் மெதுவாகத்தான் மாறும் என்று நினைக்கத் தோன்றும். லேசர் ஆய்வுகள் அந்த நினைப்பைத் தகர்த்துவிட்டன.

1996இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகர ஆய்வாளர்கள் நிக்கல் படலத்தின்மேல் 60 ஃபெம்டோநொடி நீளமுள்ள லேசர் துடிப்பைப் பாய்ச்சினார்கள். ஒரு பிக்கோநொடிக்குள் (ஆயிரம் ஃபெம்டோநொடி), அதாவது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள், காந்தம் பெருமளவு சரிந்தது. இத்தனை சிறிய நேரத்தை அளக்கும் கருவி தூரம்தான். காந்தத்தை அளக்கப் பின்னால் அனுப்பும் இரண்டாவது துடிப்பின் பாதையிலுள்ள கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினால், ஒளி போய்வர ஒரு பிக்கோநொடி கூடும். தாமதமாக வரும் அத்துடிப்பு காந்தப் பரப்பில் பட்டுத் திரும்பும்போது அதன் முனைவாக்கத் தளம் சற்றே சுழலும். 1870களில் ஜான் கெர் கண்ட விளைவு இது. சுழற்சி குறைந்தால் காந்தமும் குறைந்தது என்று கொள்ளலாமா? சூடேறிய எலக்ட்ரான்கள் ஒளியை வேறுவிதமாகப் பிரதிபலித்திருக்கலாமே என்று 2000இல் எழுந்த ஐயம் மிக நியாயமானது. 2007இல் பெர்லினில் எக்ஸ் கதிர்களால் ஸ்பின்னைத் தனியே அளந்தார்கள். சரிவு உண்மையானது, அதற்குச் சுமார் 120 ஃபெம்டோநொடியே ஆகிறது என்பது தெளிவானது. ஆனால் நிக்கல் உலோகம். மேக்னடைட்டோ ஆக்சைடு, படிகத்தின் இருவகை இடங்களில் ஸ்பின்கள் எதிரெதிராக நிற்பது. நிக்கலின் வேகத்தை இந்தப் பாறைக்கு அப்படியே பொருத்தக் கூடாது.