சிரிப்பு வாயு... நரம்பைப் பதம் பார்ப்பது ஏன்?

கஃபேக்களில் கோல்டு காபி மேல் வெள்ளையா, பஞ்சு மாதிரி க்ரீம் வச்சுத் தருவாங்களே... சில இடங்களில் அதை ஒரு ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி, விரல் நீள குட்டி சிலிண்டர் ஒன்றைத் திருகி, 'புஸ்ஸ்' என்று பீய்ச்சுவதைப் பார்த்திருப்பீங்க. அந்தச் சிலிண்டருக்குள் இருப்பது நைட்ரஸ் ஆக்ஸைடு. பல் டாக்டர் வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கும் 'சிரிப்பு வாயு'வும் இதுதான். வெளிநாட்டு பார்ட்டிகளில் பலூனில் அடைத்து உறிஞ்சுவதும் இதைத்தான். க்ரீம், மயக்கம், போதை... எல்லாம் ஒரே வாயு எப்படிச் செய்யுது?

அதோட உருவத்தைப் பாருங்க. ரெண்டு நைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன். தண்ணீரில் ஆக்ஸிஜன் நடுவில் இருக்கிற மாதிரி இதிலும் இருக்கும்னு நினைச்சா, தப்பு. நைட்ரஜன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் என்று மூன்றும் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேராக நிற்கும். இந்தப் பிணைப்புகளை ஒரே படத்தில் வரைய முடியாது. ஒரு படத்தில் நைட்ரஜன்களுக்கு இடையே முப்பிணைப்பு, இன்னொன்றில் ரெண்டு பக்கமும் இரட்டைப் பிணைப்பு. நிஜம் இந்த ரெண்டுக்கும் நடுவில். ப்ளஸ் ஒன் கெமிஸ்ட்ரியில் 'உடனிசைவு' என்று படிச்சது ஞாபகம் வருதா?

இதனால் ஒரு விளைவு. இரண்டு முனைகளுக்கும் இடையே மின்சுமை வித்தியாசம் ரொம்பக் குறைவு. தண்ணீரோட முனைவுத்தன்மையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் கொழுப்போடு சட்டுன்னு சேர்ந்துக்கும். அழுத்தத்தில் க்ரீமுக்குள் கரைந்து, பாட்டிலைத் திறந்ததும் லட்சக்கணக்கான குமிழ்களாக விரியும். இதே எடையுள்ள கார்பன் டை ஆக்ஸைடை அடைத்தால் க்ரீம் புளிச்சுப் போகும். இது லேசா இனிக்கும், அவ்ளோதான்.

மூளையிலும் கொழுப்பு அதிகம். ஆனா ரத்தத்தில் இந்த வாயு அவ்வளவாகக் கரையாது. அதனால் நுரையீரலிலிருந்து மளமளன்னு மூளைக்குப் போய், நிறுத்தினதும் சில நிமிடங்களில் வெளியேறிடும். டாக்டர்களுக்கு இது வசதி. இதை அறுவை சிகிச்சையில் பயன்படுத்தலாம் என்று ஹம்ஃப்ரி டேவி 1800-லேயே எழுதிவிட்டார். யாரும் கண்டுக்கலை. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் சிரிப்பு வாயு ஷோ ஒன்று நடந்தது. வாயுவை உறிஞ்சிய ஒருவர் காலில் அடிபட்டும் வலியே தெரியாமல் இருந்தார். அதைப் பார்த்த பல் டாக்டர் ஹொரேஸ் வெல்ஸ், மறுநாளே வாயுவை உறிஞ்சிட்டு தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். 44 வருஷம் வீணாப்போச்சு!

சாதாரண வெப்பத்தில் இது சரியான சோம்பேறி. லேசில் எதோடும் வினைபுரியாது. யூரியா போட்ட வயலிலிருந்து காற்றுக்குப் போனால் நூறு வருஷத்துக்கு மேல் அங்கேயே சுத்தும். ஒரு நூற்றாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைவிட சுமார் 273 மடங்கு வெப்பத்தைப் பிடிச்சு வைக்கும்.

அந்தச் சோம்பேறி நம்ம உடம்பில் விடாமல் பிடிக்கிற ஒரு ஆள், வைட்டமின் பி12. அதன் நடுவில் ஒரு கோபால்ட் அணு இருக்கு. நைட்ரஸ் ஆக்ஸைடு அதை ஆக்ஸிஜனேற்றம் செய்து முடக்கிடும். நரம்புகளைச் சுற்றி வயருக்கு பிளாஸ்டிக் உறை மாதிரி மயலின் என்று ஒன்று இருக்கு. அதைப் பராமரிக்க பி12 வேணும். அது முடங்கினால் முதலில் பாதம் மரத்துப்போகும், ஊசி குத்துற மாதிரி இருக்கும், நடை தள்ளாடும். அடிக்கடி பலூன் உறிஞ்சிய இளைஞர்களுக்குத் தண்டுவடமே பாதிச்சிருக்கு. ரத்தப் பரிசோதனையில் பி12 அளவு நார்மல்னுகூட வரலாம், ஏன்னா வைட்டமின் இருக்கும், வேலைதான் செய்யாது. பிரிட்டனில் 2023 நவம்பரில் இருந்து போதைக்காக இதை வச்சிருப்பதே குற்றம்.

சிலிண்டரில் நேரடியாக வாய் வைப்பது இன்னும் மோசம். வெளியே பீறிடும் வாயுவின் கடுங்குளிரில் உதடும் தொண்டையும் வெந்துபோன மாதிரி ஆகிடும், ஆக்ஸிஜனும் கிடைக்காது. ஆஸ்பத்திரியில் எப்பவும் ஆக்ஸிஜன் கலந்துதான் கொடுப்பாங்க. அங்கே ஒருமுறை எடுப்பதில் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்னை வருவதில்லை. ஆனா பி12 அசைவம், முட்டை, பால் வழியாகத்தான் நமக்குக் கிடைக்குது. நீங்க சுத்த சைவம், பாலும் அவ்வளவா குடிக்க மாட்டீங்க, இல்லை ஏற்கெனவே பி12 குறைவு என்றால், மாஸ்க் மாட்டுறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.