மொபைல் டேட்டாவே போதுமா, வீட்டுக்கு ஃபைபர் போடணுமா? மூணு பேர் கணக்கு

"ஃபைபர் மாசம் 399 தான், மொபைல் ரீசார்ஜே 349 ஆகுது, அப்போ ஃபைபரே போட்டுடலாமே?" என்று கேட்கிறவங்க நிறைய. கேள்வி நியாயமானது. ஆனா 399-ஐயும் 349-ஐயும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தா தப்பான பதில்தான் வரும். ஏன்னு பார்ப்போம்.

முதல் விஷயம், இரண்டு விலையும் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை. மொபைல் ப்ரீபெய்டு விலையில் 18% ஜிஎஸ்டி ஏற்கெனவே உள்ளே இருக்கு. பிராட்பேண்ட் விளம்பரத்தில் வரும் விலைக்கு ஜிஎஸ்டி தனி. அதனால 399 என்பது கையை விட்டுப் போகும்போது 471 ரூபாய். வருடத்துக்கு சுமார் 5,650.

இரண்டாவது, மொபைல் "மாசம்" என்பது 28 நாள். வருடத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். 349 × 13 = 4,537.

மூன்றாவதுதான் முக்கியம். ஃபைபர் போட்டாலும் மொபைல் ரீசார்ஜ் நிற்காது. ஓடிபி வரணும், வெளியே யுபிஐ ஓடணும், கால் பேசணும். அதனால சரியான கேள்வி "மொபைலா, ஃபைபரா" இல்லை. "பெரிய மொபைல் பிளான் மட்டுமா, இல்ல ஃபைபரோட சின்ன மொபைல் பிளானா?" என்பதுதான்.

கணக்கைப் போடலாம்

ஜியோ, ஏர்டெல் ரேட்டை ஒட்டி ஒரு உதாரணம். தினம் 2 ஜிபி தரும் 28 நாள் பிளான் 349. அன்லிமிடெட் காலோட 28 நாளுக்கு மொத்தமே 2 ஜிபி தரும் சின்ன பிளான் 199, வருடத்துக்கு 2,587. பெரிசிலிருந்து சின்னதுக்கு மாறினா ஒரு ஆளுக்கு மிச்சம் 1,950.

தனியா இருந்தா: மொபைல் மட்டும் 4,537. ஃபைபர் + சின்ன பிளான் 8,237. ஃபைபர் 3,700 கூடுதல்.

இரண்டு பேர்: 9,074-க்கு எதிரா 10,824. ஆளுக்கு 875 கூடுதல்.

மூணு பேர்: 13,611-க்கு எதிரா 13,411. இங்கே ஃபைபர் 200 ரூபாய் குறைவு.

ஆக, ஒரே வீட்டில் மூணு பேர் என்பதுதான் திருப்புமுனை. பெருங்குடியில் மூணு ரூம்மேட் இருந்தாலும் சரி, ஊரில் அப்பா, அம்மா, தங்கச்சியோட இருந்தாலும் சரி, கணக்கு ஒண்ணுதான். விலை மாறிக்கிட்டே இருக்கும். அன்றைய ரேட்டைப் போட்டு நீங்களே ஒரு தடவை பார்த்துக்கோங்க.

ஒரு கண்டிஷன். இந்த லாபம் மொபைல் பிளானைக் குறைச்சாதான் வரும். ஃபைபரும் போட்டு, பழக்கத்தில் 349-ம் ஏத்திக்கிட்டே இருந்தா தனி ஆளுக்கு வருடம் 10,187 ஆகும். நிறைய பேர் வீட்டில் நடக்கிறது இதுதான்.

தனி ஆளுக்கு ஃபைபர் தேவையே இல்லையா?

அது உங்க வேலையைப் பொறுத்தது. தினம் 2 ஜிபி என்பது ரீல்ஸ், மெயில், கொஞ்சம் யூடியூபுக்குப் போதும். ஹெச்டி படம் ஒரு மணி நேரத்துக்கே 2, 3 ஜிபி வரை இழுக்கும். வீடியோ மீட்டிங்கும் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. லிமிட் தாண்டினா வேகம் 64 கேபிபிஎஸ். மீட்டிங் அத்தோட முடிஞ்சது. அன்லிமிடெட் 5ஜி இருக்கேன்னு கேட்கலாம். அதுக்கு 5ஜி போன் வேணும், உங்க ரூமுக்குள்ள சிக்னல் வரணும். பால்கனியில் பார்க்காதீங்க, கதவைச் சாத்திட்டு, இரவு 9 மணிக்கு ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க. நல்லா வந்தா, தனியா இருக்கிறவருக்கு மொபைலே போதும்.

ஆனா வொர்க் ஃப்ரம் ஹோம் என்றால் வேற கணக்கு. ஃபைபருக்கான கூடுதல் செலவு மாசம் 308 ரூபாய். 30,000 சம்பளக்காரருக்கு ஒரு நாள் லாஸ் ஆஃப் பே 1,000. நெட் இல்லாம மூணு மாசத்துக்கு ஒரு நாள் போனாலே அந்தக் காசு சரியாப் போச்சு. கரன்ட் போனா ரௌட்டரும் நின்னுடும் என்பதால், ரௌட்டருக்கான மினி யுபிஎஸ் ஒன்றையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கோங்க.

பணம் கட்டும் முன்

வாடகை அக்ரிமென்ட் பெரும்பாலும் 11 மாசம். அதனால ஆஃபர் என்று 12 மாசத்துக்கு மொத்தமா கட்டாதீங்க. வீடு மாறும் ஏரியாவில் அதே கம்பெனி லைன் இல்லைன்னா மீதிப் பணம் திரும்ப வருமா, இன்ஸ்டலேஷன் சார்ஜ் உண்டா, ரௌட்டரைத் திருப்பித் தரணுமா என்று முதல்லயே கேளுங்க. ஏர்ஃபைபர் என்று வந்தா, அது வீடு வரை கேபிள் இழுத்த ஃபைபர் இல்லை. 5ஜி டவர் சிக்னல்ல ஓடுறது. மொபைலுக்குப் பார்த்த அதே சிக்னல் பிரச்சினை அங்கேயும் வரலாம்.

கடைசியா, வரி. கம்பெனி "இன்டர்நெட் அலவன்ஸ்" என்று மாசம் 1,000 கொடுத்தா அது முழுக்க வரிக்கு உட்பட்ட சம்பளம். 20% ஸ்லாபில் செஸ் சேர்த்து வருடம் 2,496 போயிடும். அதையே ஆபீஸ் வேலைக்கான பில் கொடுத்து ரீஇம்பர்ஸ்மென்டா வாங்கினா பொதுவா வரி வராது. புது ரெஜிமில் 12.75 லட்சத்துக்குள்ள சம்பளம் வாங்கி வரியே கட்டாதவங்களுக்கு இதில் வித்தியாசம் இல்லை. மத்தவங்க ஹெச்ஆர்கிட்ட ஒரு மெயில் போட்டுக் கேளுங்க. கனெக்‌ஷன் உங்க பேரில் இருக்கணும். முழு பில்லையும் கிளெய்ம் பண்ணிட்டு ரூம்மேட்கிட்டயும் பங்கு வாங்குறது மட்டும் வேண்டாம். உங்க பங்கை மட்டும் கிளெய்ம் பண்ணுங்க.

சுருக்கமா: மூணு பேர் இருந்தா ஃபைபர். வீட்டிலிருந்து வேலை என்றாலும் ஃபைபர். தனியா இருந்து தினமும் ஆபீஸ் போறவங்களுக்கு மொபைல் போதும். எதை எடுத்தாலும், இன்னொண்ணைக் குறைக்க மறக்காதீங்க.