ஒருநாட் செலவு

'செலவு' என்னும் சொல் பண்டைத் தமிழில் வழிச்செல்லுதலைக் குறித்தது. இந்நாளில் அது கைப்பொருள் கரைதலையே குறிக்கின்றது. இவ்விரு பொருளும் பிரிக்கலாகாதவை என்று எண்ணுவோர் நம்மிற் பலர். உதகைக்கும் கோடைக்கானலுக்கும் செல்லப் பொருளில்லாதவனுக்கு ஓய்வும் இல்லை என்பது அவர்தம் துணிபு. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய மேற்குப் புறநகர்களிலிருந்து நாள்தோறும் கல்லூரிக்கு வந்து மீளும் மாணவர் சிலராகிய யாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு மூன்று விடுமுறை நாட்களில் மூன்று திசைகளிற் சென்று வந்தபின் அவ்வெண்ணம் பிழையென உணர்ந்தோம். காலையிற் புறப்பட்டு விளக்கேற்றும் பொழுதிற்குள் வீடு திரும்பத்தக்க அவ்விடங்களைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுவாம்.

ஓய்வு என்பது வாளா இருத்தல் அன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டு தோன்றியது. அன்று தொட்டு இப்பக்கத்து மக்களிற் பல்லாயிரவர் வாரத்தில் ஆறு நாள் இயந்திர ஒலியினிடையே வாழ்கின்றனர். அவர்கள் ஏழாம் நாளிலும் நான்கு சுவர்களுக்குள் கிடப்பின் உடல் அசைவற்றிருக்குமேயன்றி உள்ளம் இளைப்பாறாது. காணும் பொருள் மாற வேண்டும். கேட்கும் ஒலி மாற வேண்டும். அம்மாற்றத்தை நாடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

முதலில் மேற்றிசை. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்டது. நம் ஊர்களின் வழியே இன்று ஓடும் மின்சார இரயில் செல்வது அப்பழைய தடத்திலேயாம். ஆவடியைக் கடந்தால் கட்டடங்கள் அருகி, வயலும் ஏரியும் தோன்றத் தொடங்கும். இடையே திருநின்றவூர் வரும். கோயில் எடுக்கப் பொருள் கிடையாமையால், தம் மனத்தினுள்ளேயே அடித்தளம் முதல் விமானம் வரை ஒவ்வொரு கல்லாய் அடுக்கிக் கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் அது. அரசன் காஞ்சியிற் கற்கோயில் கட்டிக் குடமுழுக்கிற்கு நாள் குறித்தபோது, இறைவன் அந்நாளிற் பூசலாரின் மனக்கோயிலுக்கே செல்வதாகக் கூறினான் என்பது பெரியபுராணச் செய்தி. வேற்றுச் சமயத்தவராகிய எமக்கும் அவ்வரலாறு பெரிதும் உவப்பளித்தது. கையிற் காசில்லாத மாணவர் அதனை உவப்பதில் வியப்பென்னை?

இரயிலைத் திருவள்ளூரில் விட்டுப் பேருந்தேறினால் சிறு பொழுதிற் பூண்டியை அடையலாம். கொசத்தலையாற்றின் குறுக்கே அணை கட்டித் தேக்கிய நீர்த்தேக்கம் அது. சென்னை மேயராயிருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் 1940-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பணி முடிந்த 1944-ஆம் ஆண்டில் அதனைக் காண அவர் உயிரோடு இல்லை. முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். அதனாலேயே அதற்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயரிட்டனர். அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. இங்கிருந்து கால்வாய் வழியே சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து புழல் ஏரிக்கும் நீர் செல்கின்றது. கிருட்டிணையாற்று நீரும் 1996 முதல் கண்டலேற்றிலிருந்து கால்வாய் வழியே இங்கு வந்து சேர்கின்றது.

எம்முள் ஒருவனுடைய தந்தையார் அன்று எம்முடன் வந்திருந்தார். தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் முன் இருபத்தாறு ஆண்டுகள் நின்றவர். கரைமேல் நெடுநேரம் ஒன்றும் பேசாது அமர்ந்திருந்தவர், "பட்டணத்துக் குழாயில் வருவது இந்தத் தண்ணீரா, தம்பி?" என்று வினவினார். ஒரு பகுதி இதுவே என்றோம். அப்போது எம்மவனொருவன் தின்பண்டம் சுற்றிய நெகிழித்தாளை நீரில் எறிய ஓங்கிய கையைத் தாழ்த்தி, அத்தாளைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டான். அறிவுரை எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

பூண்டியில் தொல்பொருள் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அதனைக் காணாது மீளலாகாது. 1863-ஆம் ஆண்டு பல்லாவரத்திற் பழைய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் நிலநூலறிஞர், அவ்வாண்டிலேயே வில்லியம் கிங் என்பவரோடு இப்பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகளைக் கண்டார். பின்னர்ச் சாந்தி பப்பு முதலிய ஆய்வாளர் அங்கு அகழ்ந்து, மிகப் பழைய கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியிட்டனர். கையடக்கமான அக்கற்களைக் காணுங்கால், நம் ஊர்ப்புறம் நேற்றுத் தோன்றியதன்று என்னும் உணர்வு பிறக்கின்றது. இரும்பைக் கடையும் கையும் கல்லைச் செதுக்கிய கையும் ஓரினமே அன்றோ?

இனி, முழுநாள் ஒழியாதவர்க்கு அரைநாட் செலவு ஒன்று உண்டு. ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடைபாதை அமைத்துள்ளனர். அங்கு மாலையில் உலாவிக்கொண்டே நீர்ப்பறவைகளைக் காணலாம். பூவிருந்தவல்லியிலிருந்து பெங்களூர்ச் சாலையிற் சிறிது தொலைவு சென்றால் செம்பரம்பாக்கம் ஏரி கடல்போற் பரந்து கிடக்கும். அது 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. அதன் உபரி நீர் அடையாற்றிற் கலக்கும். 2015-ஆம் ஆண்டு திசம்பர்த் தொடக்கத்திற் பெருமழையால் ஏரி நிரம்பி நீர் திறந்துவிடப்பட்டதும், அடையாற்றங்கரை வெள்ளத்தில் மூழ்கியதும் பலரும் அறிந்தவையே. அமைதியாய்த் தோன்றும் நீருக்குள் எத்துணை ஆற்றல் அடங்கியுள்ளது என்பதை ஏரிக்கரையில் நின்று எண்ணிப் பார்த்தல் நலம். அனுமதியுள்ள இடங்களிலன்றிக் கரைமேல் ஏறுதலும் நீரில் இறங்குதலும் தகா.

மூன்றாவது, கடற்றுறை. பேசின் பாலத்தில் வண்டி மாறிக் கும்மிடிப்பூண்டித் தடத்திற் பொன்னேரியை அடைந்து, அங்கிருந்து பேருந்திற் சென்றால் பழவேற்காடு வரும். இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காட்டு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டைச் சார்ந்தது. அதற்கும் வங்கக்கடலுக்கும் இடையே கிடக்கும் நீண்ட மணற்றீவே, இந்நாளில் ஏவுகணைத் தளத்தாற் பெயர்பெற்ற சிறீஅரிக்கோட்டை. ஆரணியாறு முதலிய ஆறுகள் நன்னீரையும், முகத்துவாரம் கடல்நீரையும் கொணர்ந்து சேர்ப்பதால், இக்காயலின் உப்பு பருவத்திற்குப் பருவம் மாறும். இறாலும் நண்டும் மீனும் இங்குச் செழித்தலும், பறவைகள் வந்து கூடுதலும் இக்கலப்பின் பயனேயாம்.

குளிர்காலத்திற் பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் வரும். அவை அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாவால் நீரை உறிஞ்சி வெளித்தள்ளி, அதிலுள்ள சிற்றுயிர்களையும் பாசிகளையும் வடிகட்டி உண்ணும். அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே இறகிற்குச் செந்நிறம் தருகின்றது. அவற்றை நெருங்காது எட்ட நின்று காண்பதே முறை. துரத்தினால் அவை எழுந்து பறக்கும் காட்சி நமக்கு அழகாயிருக்கலாம். இரைதேட வந்த பறவைக்கோ அது வீண் உழைப்பு.

ஒல்லாந்தர் இங்கு 1613-இற் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். 1690 வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்தம் தலைமையிடம் இதுவே. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கோட்டை இன்று இடிந்து மேடாயிற்று. கல்லறைத் தோட்டம் மட்டும் நிலைத்திருக்கின்றது. மண்டையோடும் குலமுத்திரையும் செதுக்கிய கற்களின்மேல், தாய்நாடு மீளாது மாண்டவர் பெயர்கள் உள்ளன. ஆனால் இத்துறையிலிருந்து துணிப்பொதிகள் மட்டும் கப்பலேறவில்லை. பதினேழாம் நூற்றாண்டிற் பஞ்சத்தாலும் போராலும் நலிந்த நம் மக்களும் அடிமைகளாய் விலைப்பட்டுக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு ஏற்றப்பட்டனர். அவர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. கல்லறைகளின் வேலைப்பாட்டை வியப்போர் அவரையும் ஒருகணம் நினைத்தல் கடன்.

அன்று எமக்குப் படகேறும் விருப்பம் மிகுந்தது. பணமும் சேர்த்து வைத்திருந்தோம். கரையில் வலை பழுதுபார்த்திருந்த முதியவர் ஒருவரை அணுகி வேண்டினோம். அவர் எம் பணத்தைப் பார்க்கவும் இல்லை. "பாதுகாப்புச் சட்டை இல்லாமல் ஆளேற்ற மாட்டேன், தம்பி. கிறிஸ்துமஸ் அன்று நடந்தது உங்களுக்குத் தெரியாதா?" என்றார். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்தநாளன்று, எம்மைப் போலவே ஒருநாள் இன்பத்தை நாடி வந்து இங்குப் படகேறியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் படகு கவிழ்ந்து மாண்டனர். யாம் வீட்டில் விருந்துண்டு மகிழும் நாள் அது. வேறொன்றும் பேசாது கரையிலேயே அமர்ந்துவிட்டோம்.

அம்முதியவர் பின்னர்த் தம் தொழிலைப் பற்றிக் கூறினார். மீன் மிகுந்த இடத்தை வலியவர் கைப்பற்றாவண்ணம், ஊர்கூடி முறைவைத்து ஒவ்வொருவர்க்கும் இடம் பகுத்தளிக்கும் வழக்கம் அங்கு உண்டு. அதனைப் 'பாடு' என்பர். இன்று நல்லிடம் பெற்றவர் நாளை பிறர்க்கு விட்டுக்கொடுப்பர். படகேறாது கழிந்த அப்பொழுதே அந்நாளின் பெரும்பேறு என்று திரும்பும் வண்டியில் எம்முட் பேசிக்கொண்டோம்.

ஒருநாட் செலவு மேற்கொள்வோர் கொள்ளவேண்டியவை சிலவே. கட்டுச்சோறும் குடிநீரும் கொண்டு செல்க. கொண்டு சென்றதன் எச்சத்தை வீட்டிற்கே மீட்டுக் கொணர்க. கோடைக்கு முன், மழைக்குப் பின் உள்ள திங்கள்களைத் தெரிந்துகொள்க. ஊரார் தடுக்கும் நீரில் இறங்கற்க. இயன்றால் வீட்டு முதியோர் ஒருவரை உடனழைத்துச் செல்க. பூண்டிக்கு வந்த அத்தந்தையார், அவ்வூர் தம் வீட்டிலிருந்து இத்துணை அண்மையில் இருப்பதை இருபத்தாறு ஆண்டுகளாக அறிந்திலர். அடுத்த செலவு எந்நாள் என்று இப்போது அவரே எம்மை வினவுகின்றார்.