உறுப்புகளும் பூர்வீகமும்: விசுவமடுப் பகுதியின் பழைய மோட்டார் வண்டிகள் பற்றிய ஒரு விளக்கம்

பிரித்தானியாவில் ‘கிற் கார்’ எனப்படும் ஒருவகை மோட்டார் வண்டி உண்டு. தொழிற்சாலை அதனை முழுமையாக்கி விற்பதில்லை. உறுப்புகளின் தொகுதியாகப் பெட்டிகளில் இட்டு விற்கும். வாங்கியவன் தன் வீட்டு முற்றத்தில் வைத்து அதனைப் பூட்டிக்கொள்வான். பொழுதுபோக்கெனத் தோன்றும் இவ்வழக்கத்தின் அடிப்படை வரியாகும். முழு வண்டிக்கு அன்று கொள்வனவு வரி இருந்தது. உறுப்புத் தொகுதிக்கு இருக்கவில்லை. 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன் இவ்வாறே விற்கப்பட்டது. பூட்டும் முறையை விளக்கும் கைந்நூலை உடன் வழங்கினால் வரிச்சலுகை கிடையாது என்பதால், கழற்றும் முறையை விளக்கும் தாளை நிறுவனம் வழங்கியதாகவும், வாங்கியோர் அதனைக் கடைசியிலிருந்து முதலுக்கு வாசித்து வண்டியைப் பூட்டியதாகவும் சொல்வர். 1973இல் பெறுமதி சேர் வரி வந்தபோது அச்சலுகை மறைந்தது.

வரிக்காகப் பூட்டப்பட்ட வண்டி அது. வறுமைக்காகவும் தடைக்காகவும் பூட்டப்பட்ட வண்டிகள் வேறு. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் தருமபுரத்துக்கும் உடையார்கட்டுக்கும் இடையே அமைந்த விசுவமடுவிலும் அதன் அயலிலும் 1990களில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் இவ்வகையின. ஒரு வண்டியின் உடல், இன்னொன்றின் இயந்திரம், மூன்றாவதின் பின் அச்சு என அவை உயிர்வாழ்ந்தன. இத்தகைய வண்டியொன்றைக் கையேற்கும் ஒருவர் அதன் உறுப்புகள் எவை, எங்கிருந்து வந்தன என்பதை எவ்வாறு அறியலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். கைவினைஞர் இதனை நன்கறிவர். ஆயின் அவ்வறிவு எழுத்தில் ஏறவில்லை. கோயில் கல்வெட்டைப் படியெடுத்து ஆராயும் நமது கல்வியுலகம், இரும்பில் பொறித்த எழுத்தை எழுத்தாகக் கருதாதது வியப்பன்று, வருத்தத்துக்குரியது.

முதலில் கண்ணிற்படுவது இலக்கத் தகடு. அதுவே அதிகம் ஏமாற்றுவதும். 1950களின் நடுப்பகுதி வரை இலங்கையில் பதிவான வண்டிகள் நாட்டின் ஆங்கிலப் பெயரின் எழுத்துக்களிலிருந்து பெறப்பட்ட இரட்டை எழுத்துக்களைத் தாங்கின. சீ, ஈ என்னும் எழுத்துக்களில் தொடங்கும் தகடுகள் அக்காலத்தன. 1957இன் தொடக்கத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதனை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி நடத்திய இயக்கமும், தகட்டில் தமிழ் ஸ்ரீ எழுதி வண்டியோட்டியோர் நீதிமன்றம் ஏறியதும், 1958இல் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்துகளில் அவ்வெழுத்துத் தார்பூசி அழிக்கப்பட்டதும், அதற்கெதிராகத் தெற்கில் தமிழெழுத்துகள் அழிக்கப்பட்டதும், அவ்வாண்டு ஏப்ரலில் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் உடன்படிக்கை கைவிடப்பட்டதும் வாசகர் அறிந்தவை. நமது நோக்கிற்கு வேண்டியது ஒன்றே: தகடு வண்டி பிறந்த ஆண்டைக் கூறுவதில்லை, இத்தீவில் முதலிற் பதிவான காலத்தை மட்டுமே கூறும். பழைய வண்டியாக இறங்கியது புதிய தகட்டைப் பெற்றிருக்கும். மேலும், தகடு இரண்டு திருகாணிகளாற் கழரும் பொருள்.

அடுத்தது உடல். மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிசின் வடிவமைப்பில் 1948இல் வெளிவந்த இவ்வண்டியின் முன்கண்ணாடி 1956 வரை நடுவில் ஒரு சட்டத்தால் பிளவுண்ட இரு துண்டுகளாக இருந்தது. அவ்வாண்டில் வந்த மைனர் 1000 வளைந்த ஒரே கண்ணாடியைப் பெற்றது. முன்விளக்குகள் தொடக்கத்தில் முன்வலையின் இருபுறமும் தாழ்வாக இருந்து, பின்னர் மட்காட்டின் மேல் ஏறின. இவை தூரத்திலிருந்தே காலத்தைச் சொல்லும். கண்ணாடியிலேயே இன்னும் நுண்ணிய சான்றுண்டு. திரிப்பிளெக்ஸ் நிறுவனத்தின் முத்திரையில் எழுத்துக்களின் மேலும் கீழும் இடப்பட்ட சிறு புள்ளிகள் கண்ணாடி செய்யப்பட்ட ஆண்டைக் குறிப்பன. நான்கு கதவுக் கண்ணாடிகளும் ஓராண்டையும் பின்கண்ணாடி வேறோராண்டையும் காட்டுமாயின், அவ்வண்டி ஒரு விபத்தையோ வெடியதிர்ச்சியையோ கண்டிருக்கிறது எனக் கொள்ளலாம். லூக்காஸ் மின்னுறுப்புகளிலும் இத்தகைய திகதி உண்டு. டைனமோ, ஸ்ராட்டர் ஆகியவற்றின் உடலில் அடிக்கப்பட்ட சிறு எண்கள் உற்பத்தி மாதத்தையும் ஆண்டையும் தருவன. மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தாலன்றி அவை தெரியா.

இனி அடையாளத் தகடு. இயந்திரப் பெட்டியின் பின்சுவரில் பொருத்தப்பட்ட இச்சிறு தகடே வண்டியின் பிறப்புச் சாட்சிப்பத்திரம். 1950களின் நடுப்பகுதி மைனர்களில் இலக்கத்துக்கு முன் மூன்று எழுத்துக்களும் இரண்டு எண்களும் காணப்படும். முதலெழுத்து எஃப் எனில் மைனர்; இரண்டாவது ஏ எனில் நான்கு கதவு, பி எனில் இரண்டு கதவு; மூன்றாவது நிறம். தொடரும் முதலாம் எண்ணே நமக்குப் பெரிதும் பயன்படுவது. 1 என்பது பிரித்தானியாவிலேயே விற்கவென வலப்புறச் சுக்கானுடன் செய்யப்பட்டது. 2 வலப்புறச் சுக்கானுடன் ஏற்றுமதிக்கானது. 5 என்பது வலப்புறச் சுக்கான் நாடொன்றுக்கு உறுப்புகளாகப் பிரித்து அனுப்பப்பட்டது. ஆகவே தகட்டில் 5 இருக்குமாயின் அவ்வண்டி ஒக்ஸ்போர்ட் நகரின் தொழிற்சாலையிலிருந்து பெட்டிகளில் புறப்பட்டு வேறெங்கோ பூட்டப்பட்டது. 1 இருக்குமாயின் அதனை யாரோ ஒருவர் பிரித்தானியாவில் ஓட்டிய பின்னரே கப்பலேற்றியிருத்தல் கூடும். இரண்டாவது கையாக வந்த வண்டியின் பயணம் ஓர் எண்ணில் அடங்கிவிடுகிறது.

பெட்டியில் வந்த வண்டிகள் பற்றி ஈண்டு ஒரு சொல். ஒஸ்ரின் நிறுவனமும் நிசானும் 1952 டிசம்பரில் ஓர் உடன்படிக்கை செய்தன. ஒஸ்ரின் ஏ40 வண்டிகளின் உறுப்புத் தொகுதிகளை இறக்கி யப்பானில் பூட்டுவதும், மூன்றாண்டுகளுக்குள் எல்லா உறுப்புகளையும் அங்கேயே செய்வதும் அதன் சாரம். யப்பானியர் அதனை நிறைவேற்றினர். பின்னர் ஒஸ்ரினின் 1489 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தின் 73 மில்லிமீற்றர் உருளை விட்டத்தை அப்படியே வைத்து, ஆடுதண்டின் வீச்சை 89இலிருந்து 59 மில்லிமீற்றராகக் குறைத்து, டட்சன் வண்டிக்கு 988 கன சென்ரிமீற்றர் இயந்திரம் ஒன்றை ஆக்கினர். இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் மூன்றாம் வரிசையை அம்பாசிடராக 1957 முதல் 2014 வரை செய்தது. இலங்கையில் நாம் கற்றது பழுதுபார்த்தல் மட்டுமே. அதே பெட்டி ஒரு நாட்டில் பள்ளிக்கூடமாகவும் இன்னொரு நாட்டில் பண்டமாகவும் ஆயிற்று. இதற்குப் பெட்டி பொறுப்பன்று. அதனை இறக்கிய வர்க்கத்தின் நோக்கமே பொறுப்பு.

உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதன் காரணமும் இவ்வரலாற்றிலேயே உண்டு. 1952இல் ஒஸ்ரினும் மொறிசை உள்ளடக்கிய நபீல்ட் குழுவும் இணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் ஆயின. அதன்பின் சிறிய வண்டிகளுக்கு ஏ வரிசை இயந்திரம், நடுத்தர வண்டிகளுக்கு பி வரிசை இயந்திரம் என்பது பொது விதியாயிற்று. மைனரில் 803, 948, 1098 கன சென்ரிமீற்றர் என வளர்ந்தது ஏ வரிசை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டிலும் 1489, 1622 என அமைந்தது பி வரிசை. ஆகவே கேம்பிரிட்ஜின் இயந்திரம் ஒக்ஸ்போர்ட்டில் அமர்வது அற்புதமன்று. அம்பாசிடரின் உறுப்புகள் பலவும் அவ்வாறே.

இயந்திர இலக்கம் இதனை வெளிப்படையாகவே கூறும். ‘9 எம்–யூ–எச்’ எனத் தொடங்கும் இலக்கத்தில் 9 என்பது 948 கன சென்ரிமீற்றரையும், எம் மொறிசையும், யூ நடுத்தரையில் அமைந்த கியர் தண்டையும், எச் உயர் அமுக்கத்தையும் சுட்டும். இறுதி எழுத்து எல் எனில் தாழ் அமுக்கம். 948இல் உயர் அமுக்க விகிதம் 8.3, தாழ் அமுக்க விகிதம் 7.2. பிரித்தானிய ஓட்டுநருக்கு இது சிறு வேறுபாடு, வன்னியிலோ பெருவேறுபாடாயிற்று.

1990இல் போர் மீண்டும் மூண்டபின், அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்குப் பெற்றோல், மின்கலம், வாகன உதிரிப்பாகங்கள் முதலியன செல்வது தடைசெய்யப்பட்டது. 2002 சனவரியிலேயே அத்தடை பெரும்பாலும் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே சிறு குப்பியிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அதன் ஒக்ரேன் எண் தாழ்வானது. அமுக்கம் கூடிய இயந்திரத்தில் அது நேரமுன் வெடித்துத் தட்டும். எனவே இலக்கத்தின் ஈற்றில் எல் பொறித்த இயந்திரம் எச் பொறித்ததைவிட இதற்கு ஏற்றது. எஸ்யூ காபரேற்றரில் எரிபொருள் துவாரத்தைக் கீழுள்ள சுரையைத் திருப்பிக் கையாலேயே கூட்டிக் குறைக்கலாம் என்பதும் மைனரின் நற்பேறு. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர்வழி இறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்து தாங்கிகளைத் தின்றது. அக்காலத்து இயந்திரமொன்றைத் திறப்பவர் முதலில் அவற்றையே நோக்குதல் வேண்டும். பிரித்தானிய உழவு இயந்திரங்கள் இதே முறையில் ஆவியாக்கும் எண்ணெயால் ஓடியவையே. பெர்குசன் அதற்கெனத் தாழ் அமுக்க இயந்திரமொன்றைத் தனியே செய்தது. அங்கு தொழிற்சாலை செய்ததை இங்கு மரநிழலிற் செய்தனர்.

எழுத்தும் எண்ணும் அழிந்த உறுப்பை என்செய்வது? அங்கே புரி பேசும். பழைய பிரித்தானிய உறுப்புகள் விற்வேத் புரியுடையன. 1950களின் பின்னர் ஒருங்கிணைந்த அங்குலப் புரி பரவியது. யப்பானிய உறுப்புகள் மெற்றிக் புரியுடையன. விசித்திரமானது பழைய மொறிஸ் இயந்திரம். அதன் புரி மெற்றிக். ஆணித் தலையோ விற்வேத் அளவு. முதலாம் உலகப் போரின்போது பிரான்சிலிருந்து கொவென்றிக்கு வந்த ஹொட்ச்கிஸ் தொழிற்சாலையை மொறிஸ் 1923இல் வாங்கினார். பிரெஞ்சுப் புரி வெட்டும் எந்திரங்கள் மாறவில்லை, ஸ்பானர்கள் மட்டும் ஆங்கிலேயருடையனவாக இருந்தன. 918 கன சென்ரிமீற்றர் கொண்ட முதல் மைனரின் இயந்திரமும் அம்மரபினதே. ஒரு சுரை கையால் இரு சுற்று ஏறி மூன்றாம் சுற்றில் இறுகுமாயின் வலிந்து திருகாது நிறுத்துக. அங்கே இரு நாடுகள் சந்திக்கின்றன.

வேகமானியையும் மறத்தலாகாது. சிமித்ஸ் வேகமானியின் முகப்பில் அடியில் உள்ள சிற்றெண், ஒரு மைலுக்கு அதன் கம்பி எத்தனை முறை சுழலவேண்டும் என்பதைத் தரும். பின் அச்சு வேறொரு வண்டியிலிருந்து வந்திருப்பின் அக்கணக்குப் பிசகும். ஒரு மைல்கல்லிலிருந்து அடுத்ததுவரை ஓடிப்பார்த்தால் போதும்.

இவையனைத்தும் ஆர்வலருக்குரிய நுணுக்கங்கள் எனத் தோன்றலாம். அவ்வாறன்று. பதிவுச் சான்றிதழ் இயந்திர இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் சேர்த்தே கூறுவது. தடைக்காலத்தில் இயந்திரம் மாற்றியவர் எந்தக் கந்தோரில் அதனைப் பதிவது? 2009 சனவரியிலும் பெப்ரவரியிலும் விசுவமடுவினூடாகப் போர் நகர்ந்தபோது மக்கள் ஏற்றக்கூடியதை ஏற்றிக் கிழக்கே சென்றனர். வண்டிகள் வழியெங்கும், பின்னர் முல்லைத்தீவுக் கரையிலும் கைவிடப்பட்டன. பத்திரங்கள் பெட்டிகளோடு போயின. மீண்டுவந்தவர் தம் வண்டி என ஒன்றைக் காட்ட வேண்டின் இரும்பிலுள்ள எழுத்தைத் தவிரச் சாட்சி இல்லை. ஏ40 சோமர்செற்றுக்குத் தனி அடிச்சட்டம் உண்டு. மைனருக்கோ அத்தகைய தனிச்சட்டம் இல்லை. உடலே சட்டம், இலக்கமோ திருகாணியிற் பூட்டிய தகடு. அது கழன்றால் வண்டி பெயரிழக்கும். இன்னொன்றில் ஏறினால் அவ்வண்டி பெயர் மாறும். சட்டம் அடிச்சட்ட இலக்கத்தையே வண்டி எனக் கொள்கிறது. பதினைந்தாண்டு உழைப்பில் ஏனைய எல்லாவற்றையும் மாற்றி ஓடவைத்தவனின் உரிமைக்கு அதில் இடமில்லை.

எனவே இத்தகைய வண்டியை வைத்திருப்போர், மணற்றாளால் தகட்டைச் சுரண்டுதல் கூடாது. துருவை எண்ணெயால் இளக்கி, மெல்லிய தாளை இலக்கத்தின்மேல் வைத்துக் கரிக்கோலை மென்மையாகத் தேய்த்துப் படியெடுக்கலாம். இயந்திரத்தின் பக்கச்சுவரில் வார்க்கப்பட்ட எண்களையும், லூக்காஸ் திகதிகளையும், கண்ணாடிப் புள்ளிகளையும் அவ்வாறே குறித்து, எந்த உறுப்பு எவரிடமிருந்து எந்த ஆண்டில் பெறப்பட்டது என்பதை அதனருகே எழுதிக்கொள்ள வேண்டும். அறிந்தோர் பலர் முதியோராயினர். அவர்களைக் கேட்கும் வேலையை முதலிற் செய்துவிட்டுப் பின்னர் எண்ணெய்த் துணியை எடுப்பது நன்று.