யந்திரத்துக்கும் விலாசம் சரியாகச் சொல்ல வேண்டும்!

மஞ்சக்குப்பத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. உறையின் மேல் "இடது கைப்பக்கம், மூன்றாவது வீடு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்தத் தெரு? எங்கே நின்றுகொண்டு இடது பக்கம் திரும்புவது? தபால்காரர் என்ன செய்வார், பாவம்! வீட்டு எண், தெருப் பெயர், மஞ்சக்குப்பம், கடலூர் 607001 என்று எழுதியிருந்தால், நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூடக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

இதே தொல்லை இன்று யந்திரங்களுக்கும் வந்திருக்கிறது!

தேடும் யந்திரம்

வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் நடக்கின்றன. கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பே புரோகிராம். பெரிய புரோகிராம் ஆயிரக்கணக்கான கோப்புகளாகப் பரந்து கிடக்கும். அந்தக் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் இடத்துக்குக் களஞ்சியம் என்று பெயர்.

களஞ்சியத்தில் எங்கோ ஒரு வரியில் பிழை. அதைத் தேடிப் பிடித்துத் திருத்த, செயற்கை அறிவு கொண்ட 'ஏ.ஐ. ஏஜெண்ட்' வந்திருக்கிறது. வேலையைச் சொன்னால் போதும். வழியை அதுவே யோசித்துக்கொள்ளும்.

ஆனால் அதற்குக் கை கால் கிடையாது. தேட ஒரு கருவி, கோப்பைத் திறக்க ஒரு கருவி, திருத்த ஒரு கருவி என்று மனிதர்கள் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு கருவியோடும் சில வரிகள் எழுதி வைக்கிறார்கள். அதுதான் கருவிக் குறிப்பு. எந்தக் கருவியை எடுப்பது என்பதை ஏஜெண்ட் அந்தக் குறிப்பைப் படித்தே முடிவு செய்கிறது. குறிப்பு தவறினால் வேலையும் தவறும்.

வழி தவறிய யந்திரம்

அமெரிக்காவில் உள்ள ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024-ம் ஆண்டு டிசம்பரில் ஒரு சங்கதியை வெளியிட்டது. அவர்களுடைய ஏஜெண்ட் களஞ்சியத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்ததும், கோப்பின் இருப்பிடத்தைத் தவறாகச் சொல்லத் தொடங்கியது. காரணம், "இங்கிருந்து இந்தப் பக்கம்" என்ற பாணியில் வழி சொல்ல அந்தக் கருவி இடம் கொடுத்ததுதான். "எப்போதும் முழு விலாசம் கொடுக்க வேண்டும்" என்று கருவியை மாற்றினார்கள். தவறு நின்றுவிட்டது! யந்திரத்துக்கு இட்ட பொதுவான கட்டளையைவிடக் கருவிகளைச் சீர்செய்யவே அதிக நேரம் செலவிட்டதாகவும் அவர்கள் சொன்னார்கள்.

மாவட்டம் ஒன்று, பெயர் மூன்று

இன்னொரு சிக்கலும் உண்டு. கடலூர்க்காரர்களுக்கு அது எளிதில் விளங்கும். பழைய தென்னாற்காடு மாவட்டம் 1993-ல் இரண்டாகப் பிரிந்தது. கடலூர்ப் பகுதி 'தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்' ஆயிற்று. 1997-ல் அதுவே 'கடலூர் மாவட்டம்' ஆயிற்று. பழைய தஸ்தாவேஜுகளில் 'கடலூர் மாவட்டம்' என்று மட்டும் தேடினால் கிடைக்குமா? கிடைக்காது. அதற்காகக் காகிதமே இல்லை என்று சொல்லிவிடலாமா?

புரோகிராமிலும் இப்படித்தான். ஒருவர் 'வட்டி' என்று எழுதியதை இன்னொருவர் 'கூடுதல் தொகை' என்று எழுதியிருப்பார். எழுத்துக்கு எழுத்துத் தேடும் கருவி முதலாவதை மட்டுமே காட்டும். ஏஜெண்ட் அங்கே மட்டும் திருத்திவிட்டு, "வேலை முடிந்தது" என்று சொல்லிவிடும். மற்ற இடத்தில் தப்புக் கணக்கு அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். நஷ்டம் யாருக்கு? பணம் போட்டவருக்கு!

ஐம்பது போதும்

அள்ளிக் கொட்டினாலும் ஆபத்து. ஆயிரம் முடிவுகள் வந்து விழுந்தால் யந்திரமும் திணறும். படிக்கும் செலவும் ஏறும். 2024-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். அவர்களுடைய தேடும் கருவி 50 முடிவுகளுக்கு மேல் காட்டாது. மிஞ்சினால், "இன்னும் குறிப்பாகத் தேடு" என்று பதில் சொல்லும்.

நல்ல குறிப்பு எது?

"கோப்புகளைத் தேடும்" — இது போதாத குறிப்பு. கீழே இருப்பதைப் பாருங்கள்:

"கோப்புகளின் உள்ளே, கொடுத்த சொல்லை எழுத்துக்கு எழுத்துத் தேடும். கோப்பின் பெயரைத் தேட இது உதவாது. அதற்கு வேறு கருவி உண்டு. முழு விலாசம் கொடுக்கவும். 50 முடிவுகள் வரை வரும். ஒன்றும் வராவிட்டால், இல்லை என்று முடிவு கட்டாமல் வேறு சொல்லால் தேடிப் பார்க்கவும்."

என்ன செய்யும், என்ன செய்யாது, எதைக் கொடுக்க வேண்டும், எது திரும்பி வரும், கிடைக்காவிட்டால் என்ன செய்வது — ஐந்தும் இதில் அடங்கிவிட்டன.

இதை எழுதக் கருவியை நன்றாக அறிந்திருக்க வேண்டும். தெளிவாக எழுதவும் தெரிய வேண்டும். எழுதி முடித்ததும், அந்தக் கருவியைப் பார்த்தே அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது நல்லது. அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், குறிப்பில் விட்டுப்போன ஒரு வரி!